கயிறு முனகுறது சீஃபுக்கு கேக்குது

மார்ச் 3
காலைல கப்பலை ஜெட்டில கட்டும்போது நடந்தத எழுதியே ஆகணும். முன்பக்க கயிறு அத சுத்தி இழுக்கிற வின்ச் மெஷின்ல இறுகிக்கிட்டே போகுது, புதுசா வந்த லெப்டினன்ட் சார் இன்னும் இழுங்கன்னு சொல்றார், மாலுமிங்கள்ல மூத்தவரான எங்க சீஃப், காத குடுத்து கேட்டுக்கிட்டே நின்னவர் சட்டுனு கைய தூக்கி "நிறுத்து, எல்லாரும் பின்னாடி வாங்கடா"ன்னார். நைலான் கயிறு பாரம் ஏற ஏற நீளும், அறுந்தா சாட்டை மாதிரி திரும்பி வரும், நிக்கிறவன் காலையே எடுத்துரும். நானும் இன்னொரு பையனும் சரியா அது வர்ற வழியில தான் நின்னிருந்தோம். அப்புறம் கயித்த பிரிச்சு பாத்தா உரசின இடத்துல உள்ள நூலெல்லாம் உருகி ஒட்டி கட்டையா கெடக்குது.

மார்ச் 4
நேத்து எங்க முன்னாடி லெப்டினன்ட்ட சீஃப் ஒரு வார்த்தை சொல்லல. வேலை முடிஞ்சப்புறம் ஓரமா கூட்டிட்டுப் போய் ரொம்ப நேரம் பேசிட்டு வந்தார். இன்னிக்கு சாரே டெக்குக்கு வந்து யார் எங்க நிக்கிறாங்கன்னு பாத்துட்டு தான் இழுக்கச் சொன்னார். இருபது வருஷ அனுபவத்த தன்னோட மேலதிகாரிக்கு அவர் மரியாதை கெடாம கத்துக் குடுக்கிறது எவ்ளோ பெரிய வேலை!

மார்ச் 7
புதுப் பசங்களுக்கு சீஃப்னா யாருன்னு நான் வகுப்பு எடுக்கணுமாம், அதுக்காக உக்காந்து படிச்சேன். அமெரிக்க கடற்படைல சீஃப் பெட்டி ஆபீசர்ங்கிற இந்த சீஃப் பதவி வந்தது 1893 ஏப்ரல் 1ல, அதுக்கு மேல சீனியர் சீஃப், மாஸ்டர் சீஃப் ரெண்டும் 1958ல தான். 1967ல மொத்த கடற்படைக்கும் ஒரே மாஸ்டர் சீஃப்னு டெல்பர்ட் பிளாக்க போட்டாங்க, பேர்ல் ஹார்பர் தாக்குதல் அன்னிக்கு மேரிலாண்ட் கப்பல்ல இருந்தவர். கீழ இருக்கிற மாலுமியோட கஷ்டம் தளபதி காதுக்கு நேரா போகணும்னு ஒரு பதவி! அமெரிக்க கடலோரக் காவல் படைக்கும் 1969ல அதே மாதிரி வந்துருச்சு.

மார்ச் 9
ராத்திரி வாட்ச்ல, அதாவது காவல் முறைல, ஒரு பையன் ரெண்டாவது தடவையா தூங்கிட்டான். மேல புகார் எழுதி குடுத்துரலாம்னு நான் சொன்னேன், சீஃப் அவன உக்கார வெச்சு என்னடா ஆச்சுன்னு கேட்டார், அம்மாவுக்கு ஆபரேஷனாம், லீவு பேப்பர் மூணு நாளா ஏதோ மேஜைல கெடக்குதாம். திட்ட வேண்டியத நல்லா திட்டிட்டு, அந்த பேப்பர தானே எடுத்துட்டு மேல போனார். சாயங்காலம் பையன் கிளம்பிட்டான். நான் கேக்காம விட்டுட்டேனேன்னு இப்பவும் உறுத்துது.

மார்ச் 12
சீஃப் ஒரு வாரம் பயிற்சிக்கு போயிட்டார். அந்த உருகின கயித்துத் துண்ட என் கைல குடுத்து, கண்ணால பாத்தா தெரியாது தம்பி, தடவிப் பாருன்னு மட்டும் சொல்லிட்டுப் போனார். நாளைக்கு கப்பல் கிளம்புது, முன்பக்கம் என் பொறுப்பு. எல்லா கயித்தையும் இன்னிக்கே தடவிட்டேன், மூணாவதுல ஒரு இடம் கட்டியா தட்டுப்பட்டுச்சு, மாத்தச் சொல்லிட்டேன்.