சப்போர்ட் முடிந்த கருவிகளில் முதலில் மாற்ற வேண்டியது ரவுட்டர்

கம்பெனி அப்டேட்டை நிறுத்திய மறுநாளும் கருவி எப்போதும்போலத்தான் ஓடும். ஆபத்து பிறகுதான் சேர்கிறது. புதிய மாடலுக்கு பேட்ச் (பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட்) வந்ததும், அதை முந்தைய ஃபர்ம்வேரோடு (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) ஒப்பிட்டு எந்த ஓட்டையை அடைத்தார்கள் என்று தாக்குபவர்கள் கண்டுபிடித்துவிடலாம். பழைய மாடலிலும் அதே நிரல் இருந்தால், அங்கே அந்த ஓட்டை திறந்தே கிடக்கும். 2014 ஏப்ரலில் சப்போர்ட் முடிந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு, 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை மால்வேர் பரவியபோது மைக்ரோசாஃப்ட் அவசர பேட்ச் தந்தது உண்மைதான். எல்லா ஓட்டைக்கும் அப்படித் தருவார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

போனையும் கணினியையும் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். இருபத்துநாலு மணி நேரமும் இணையத்துக்கு நேராக நிற்பது வீட்டு வைஃபை பெட்டியான ரவுட்டர்; அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண்ணோடு ஹார்டுவேர் வெர்ஷனையும் (வி1, வி2 என்று இருக்கும்) குறித்துக்கொண்டு கம்பெனி தளத்தில் தேடுங்கள். மாடல் ஒன்றே என்றாலும் வெர்ஷனுக்கு வெர்ஷன் சப்போர்ட் மாறும்.

சப்போர்ட் முடிந்திருந்தால், மாற்றும்வரை ரவுட்டரின் அட்மின் (செட்டிங்ஸ்) பக்கத்தில் ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் வசதி), யுபிஎன்பி (கருவிகள் கேட்டதும் ரவுட்டர் தானாக வழி திறப்பது), டபிள்யூபிஎஸ் (பட்டன் அல்லது பின் எண்ணால் வைஃபையில் சேர்வது) மூன்றையும் அணையுங்கள். டிஎன்எஸ் (தளப் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரி நீங்கள் வைத்ததுதானா என்றும் பாருங்கள். அது மாறியிருந்தால், சரியான முகவரியைத் தட்டினாலும் போலித் தளத்துக்குப் போக நேரலாம். பாஸ்வேர்டை மாற்றினால் போதும் என்பார்கள். லாகின் சோதனையையே தாண்டிப் போகும் ஓட்டைக்கு அது தடையாகாது. ரீஸ்டார்ட் செய்தால் மெமரியில் மட்டும் இருக்கும் மால்வேர் போகும், ஓட்டை அப்படியே இருப்பதால் திரும்ப வந்துவிடும்.

கம்பெனி ஃபர்ம்வேருக்குப் பதில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேரைப் போட்டு ஓட்டலாமா? 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் உள்ள பழைய பெட்டிகளுக்குப் புதிய வெளியீடுகள் ஒத்துவராது. வேறு வெர்ஷனுக்கான ஃபைலை ஏற்றினால் ரவுட்டர் செத்துப்போகவும் கூடும்.

ஆண்ட்ராய்டு போனில், செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' பகுதிக்குப் போய் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால் செக்யூரிட்டி அப்டேட் தேதி தெரியும். குரோமும் வெப்வியூவும் (ஆப்களுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் பகுதி) பிளே ஸ்டோர் வழியே இன்னும் புதுப்பிக்கப்படலாம். கெர்னலுக்கும் (ஆண்ட்ராய்டின் அடிப்படை மென்பொருள்) மொபைல் நெட்வொர்க்கோடு பேசும் மோடம் சிப்புக்குமான பேட்ச் போன் கம்பெனி தந்தால்தான் உண்டு. ஆகவே அப்டேட் நின்றுபோன போனிலிருந்து வங்கி ஆப்களை எடுத்துவிடுங்கள், ஓடிபி வரும் சிம்மை வேறு போனுக்கு மாற்றுங்கள். பாட்டு கேட்க வைத்துக்கொள்ளலாம்.

பழைய வைஃபை கேமராவைத் தூக்கிப்போட மனமில்லை என்றால் ரவுட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்கில் (விருந்தினருக்கான தனி வைஃபை) தனியே விடுங்கள். மற்றவருக்குக் கொடுப்பதானால் முதலில் உங்கள் அக்கவுண்டிலிருந்து நீக்கிவிட்டு, பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்.