பிரிச்சு விடத் துணி இல்ல சார்

எனக்குத் தொப்பை விழுந்திருக்கிறது என்ற சேதியை முதலில் சொன்னவர் எங்கள் தெரு டெய்லர்தான். வீட்டில் யாரும் சொல்லவில்லை. சோற்றைப் போட்டவர்களே அதைக் குறை சொல்வது மதுரையில் வழக்கமில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் "இப்பத்தான் ஆளு பூசினாப்ல நல்லாருக்கீங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2022இல், இனி எல்லோரும் நேரில் வந்தாக வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதுவரை இரண்டு வருடம் கைலியோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தவன் நான். கைலியைப் போல ஒரு நம்பிக்கைத் துரோகியைப் பார்க்க முடியாது. 68 கிலோவுக்கும் அதே முடிச்சு, 87 கிலோவுக்கும் அதே முடிச்சு. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாது. பேண்ட் அப்படியில்லை. முதல் நாள் காலையில் தொடை வரை வந்து, அதற்கு மேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது.

இருந்த நாலு பேண்டையும் மஞ்சப்பையில் போட்டு டெய்லரிடம் கொண்டுபோனேன். 34 இஞ்சில் தைத்ததை ஏற்கெனவே இரண்டு தடவை ஒவ்வோர் இஞ்சாகப் பிரித்துவிட்டவர் அவர். பின்பக்கத் தையலை விரலால் தடவி, ட்யூப் லைட்டுக்கு நேரே எக்ஸ்ரே பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தார். "இனிமே பிரிச்சு விட உள்ள துணி இல்ல சார்" என்றார். புதிதாகத்தான் தைக்க வேண்டும். டேப்பைச் சுற்றும்போது என்னையறியாமல் வயிற்றை எக்கிக்கொண்டேன். "மூச்ச விடுங்க சார். நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டு நீங்க மூச்சு விடணும்ல?"

விட்டேன். 40.

அப்புறம்தான் டாக்டர். அவர் டேப்பை சென்டிமீட்டரில் படித்தார், அது இன்னும் கேவலமாக இருந்தது. நம்மூர் ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாதாம். எனக்கு 104. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1. 5.7-க்குக் கீழே இருக்க வேண்டியது, 6.5-ஐத் தொட்டால் முழுச் சர்க்கரைக்காரன். "இன்னும் வாசப்படியிலதான் நிக்கிறீங்க, உள்ள போயிடாதீங்க" என்றார்.

"நாப்பத்தஞ்சு வயசாச்சுல்ல டாக்டர், மெட்டபாலிசம் குறைஞ்சிருக்கும்" என்று ஒரு வாதத்தைப் போட்டேன். சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை. அந்த வாதத்துக்கு ஆதாரம் தேடி ராத்திரி ஒரு மணி வரை போனை நோண்டினேன். கிடைத்தது என்னவென்றால், 6,000 பேருக்கு மேல் வைத்து 2021இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு. உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 வயது முதல் 60 வயது வரை உடம்பு எரிக்கும் வேகம் அநேகமாக மாறுவதே இல்லை என்கிறது அது. என் கட்சிக்குச் சாட்சி தேடிப் போய் எதிர்க்கட்சிக்காரனை வீட்டுக்குக் கூட்டிவந்த கதை. வயசு தப்பித்துவிட்டது. மாட்டிக்கொண்டது பரோட்டா.

சரி, நடப்போம் என்று தெப்பக்குளத்துக்குப் போனேன். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். ஒரு பக்கம் ஏறக்குறைய 1,000 அடி, நாலு பக்கமும் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மீனாட்சியம்மன் கோயில் முக்குறுணிப் பிள்ளையார் இந்தக் குளத்தை வெட்டும்போது கிடைத்தவர் என்பார்கள். சதுர்த்திக்கு 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து அவருக்குப் படைப்பார்கள். அவரை யாரும் இடுப்புச் சுற்று கேட்டதில்லை.

முதல் வாரம் சாயங்காலம் இரண்டு சுற்று நடந்தேன். முடிந்ததும், உழைத்த உடம்பு என்று ஒரு டம்ளர் பருத்திப்பால். கருப்பட்டியும் சுக்கும் போட்டது, மருந்து மாதிரிதானே? வாரக் கடைசியில் எடை பார்த்தால் 87.6. இரண்டு சுற்று நடந்து எரித்ததைவிட டம்ளரில் கூடுதலாக வாங்கிக் குடித்திருக்கிறேன். அன்றிலிருந்து நடையைக் காலை ஐந்தரைக்கு மாற்றினேன். அந்த நேரத்தில் பருத்திப்பால் வண்டி கிடையாது. மன உறுதி என்று யாராவது பாராட்டினால் மறுப்பதில்லை.

நடந்தால் மட்டும் போதாது, தசை கரையாமல் இருக்க எடையும் தூக்குங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் பிடித்துக் கூடத்தில் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தேன். நாலு நாள் பார்த்தாள் என் மனைவி. "தூக்குறது தூக்குறீங்க, அந்த இருபது லிட்டர் கேனை மாடிக்குத் தூக்கினா புண்ணியமாப் போகும்ல?" அத்தோடு கேன் போடும் பையனுக்குக் கீழேயே வைத்துவிட்டுப் போக உத்தரவானது. அடுத்த மாதம் எதிர்வீட்டு அத்தையின் கேனும் என் உடற்பயிற்சியில் சேர்ந்துகொண்டது.

பதினொரு மாதத்தில் 74 கிலோவுக்கு வந்தேன். உடம்பு இளைத்தால் என்னவெல்லாம் நடக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் எலும்பு குத்தும் என்று ஒருவரும் சொன்னதில்லை. கல்யாண மோதிரம் சாம்பாரில் விழுந்தது. குறட்டை நின்ற முதல் ராத்திரி, மனைவி என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள்.

ஊர்க்காரர்களை என்ன சொல்ல? 87 கிலோவில் இருந்தபோது ஆரோக்கியம் என்றவர்கள் எல்லாம் இப்போது குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். "சுகரா?" என்றார் பால்காரர். ஒரு காதுகுத்தில் என் பெரியம்மா மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "டாக்டர் என்னத்தா சொன்னாரு? எங்கிட்ட மறைக்காத" என்று கண் கலங்கியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஒருவர் ஆர்லிக்ஸ் பாட்டிலும் அரை டஜன் சாத்துக்குடியுமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் கையைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கே லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் போய் மறுபடி ரத்தம் கொடுத்தேன். 5.5. அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டதும், "மருந்து நல்லா வேலை செய்யுது போல" என்று சித்தப்பா பதில் போட்டார்.

40 இஞ்ச் பேண்டை மறுபடி மஞ்சப்பையில் எடுத்துப் போனேன். இந்தத் தடவை கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான். டெய்லர் சுற்றி அளந்து, "35" என்றார். ஐந்து இஞ்ச் பிடித்தால் பின்பக்கம் இரண்டு பாக்கெட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பர்ஸை எதில் வைத்தாலும் நடுவில்தான் இருக்கும் என்று எச்சரித்தார். பரவாயில்லை, பிடியுங்கள் என்றேன்.

இரண்டு நாள் கழித்து வாங்கப் போனபோது போட்டுப் பார்த்தேன். கச்சிதம். ஆனால் பின்னால் உள்ளே ஏதோ சுருட்டிவைத்ததுபோல் உறுத்தியது.

"அதுவா?" என்றார் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். "பிடிச்ச துணிய வெட்டல சார். அஞ்சு இஞ்சும் அப்படியே உள்ளதான் மடிச்சு விட்டிருக்கேன். தீபாவளி வருதுல்ல?"