தவில் பதிவு: சிவப்பு விளக்கு எரியாமலே வந்த கிளிப்பிங்

மூன்று நாள் டேக்கும் குப்பைக்குப் போயாச்சு. இத்தனைக்கும் மீட்டரில் ஒரு தடவைகூடச் சிவப்பு எரியவில்லை. பீக் மைனஸ் 9 டிபியைத் தாண்டவே இல்லை. ஆனால் வலந்தலையில் (தவிலின் வலப்பக்கத் தோல்) கூடு போட்ட விரல் ஓங்கி விழும் இடமெல்லாம் தகரம் கிழிகிற சத்தம். அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் முகடுகள் கத்தியால் சீவினாற்போலத் தட்டை, அதுவும் சரியாக மைனஸ் 9இல்.

அந்த மைனஸ் 9தான் துப்பு. ஏடிசி (சிக்னலை எண்ணாக மாற்றும் கன்வெர்ட்டர்) நிரம்பி வழிந்திருந்தால் தட்டை 0 டிபியில் இருக்கும். அதற்குக் கீழே தட்டையாக இருந்தால் கிளிப்பிங் (முகடு வெட்டுப்படுவது) கன்வெர்ட்டருக்கு முன்பே நடந்துவிட்டது. எங்கே என்று பிடிக்க ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

முதலில் கெய்ன் குமிழை 6 டிபி குறைத்து அதே தவில் சொல்லை அதே வேகத்தில் வாசிக்கச் சொல்ல வேண்டும். தட்டை மறைந்தால் குற்றவாளி ப்ரீஆம்பின் (மைக் சிக்னலைப் பெருக்கும் பகுதி) பின்பகுதி. இங்கே மறையவில்லை, அப்படியே மைனஸ் 15க்கு இறங்கி உட்கார்ந்தது. அடுத்து இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) உள்ள பேடு, அதாவது சிக்னலைக் குறைக்கும் சுவிட்ச். அதைப் போட்டதும் சரியானால் ப்ரீஆம்பின் முதல் கட்டம் திணறியிருக்கிறது என்று அர்த்தம். அதுவும் உதவவில்லை. மிச்சம் இருப்பது மைக் மட்டும்.

கண்டென்சர் மைக்குக்குள்ளேயே ஒரு குட்டி ஆம்ப் இருப்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். இந்த மைக்கின் உணர்திறன் பாஸ்கலுக்கு 20 மில்லிவோல்ட், தாங்கும் ஒலியழுத்த எல்லை 130 டிபி (இது மீட்டரில் பார்க்கும் டிபி இல்லை). 94 டிபி என்பது 1 பாஸ்கல், 130 டிபி என்றால் ஏறக்குறைய 63 பாஸ்கல். பெருக்கினால் 1.26 வோல்ட். அதற்கு மேல் உள்ளே இருக்கும் ஆம்பால் தரமுடியாது. தோலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தால் தவிலின் முதல் அடி அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. கேபிளுக்கு இந்தப் பக்கம் எதைத் திருகினாலும் சீவப்பட்ட முகடு திரும்பி வராது. மைக் உடம்பிலேயே பேடு இருந்தால் அது காப்ஸ்யூலுக்கும் ஆம்புக்கும் நடுவில் வேலை செய்யும், அது மட்டும்தான் உதவும். இல்லையென்றால் தள்ளி வைப்பது: தூரம் இரட்டித்தால் 6 டிபி குறையும் என்பது திறந்த வெளிக் கணக்கு, அறைக்குள் அவ்வளவு கிடைக்காது.

இப்போதைய அமைப்பு: வலந்தலைக்கும் தொப்பிக்கும் (குச்சியால் அடிக்கும் பக்கம்) ஆளுக்கொரு ஷூர் எஸ்எம்57. டைனமிக் மைக்கில் ஆம்ப் இல்லை, திணறவும் வழியில்லை. கண்டென்சர் ஒன்றரை மீட்டர் தள்ளி, அறை ஒலிக்கு. சோதனை வாசிப்பை நம்பி கெய்ன் வைக்கக் கூடாது, எல்லோரும் அப்போது அடக்கித்தான் வாசிப்பார்கள். தனி ஆவர்த்தனத்தின் கடைசித் தீர்மானத்தை முழு வேகத்தில் வாசிக்கச் சொல்லி, அதில் பீக் மைனஸ் 12க்குள் நிற்கும்படி வைத்தால் போதும். ‘பூஜ்யத்தை ஒட்டிப் பதிவு செய்’ என்பது 16 பிட் காலத்துப் பழக்கம். 24 பிட்டில் 12 டிபியை விட்டுக்கொடுத்தாலும் இரைச்சல் காதுக்கு எட்டாது, அதிலும் தவிலுக்கு!

ப்ரீஆம்ப் முதல் கட்டம் திணறுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 20 டிபி பேடு கையால் செய்துவிடலாம். இரண்டு சிக்னல் வயரிலும் தொடராக 680 ஓம் ஒவ்வொன்று, ப்ரீஆம்ப் பக்கம் இரண்டுக்கும் குறுக்கே 160 ஓம். 1 சதவீத ரெசிஸ்டராகப் பார்த்து வாங்குங்கள், இரண்டு 680உம் ஒத்துப்போகாவிட்டால் ஹம் உள்ளே வரும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரெசிஸ்டர் சில்லறைக் காசுதான், எக்ஸ்எல்ஆர் கனெக்டரில்தான் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. மலிவானதில் சாலிடர் வைத்ததும் பின்னைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் உருகி, பின் சாய்கிறது.

மிக்ஸ் பாதியில் நிற்கிறது. தொப்பி மைக்கின் போலாரிட்டியை (அலையின் மேல்-கீழ் திசை) திருப்பியதும் அடிநாதம் கூடியது, கூடவே எல்லா மைக்கும் சேரும் பஸ்ஸின் பீக்கும் 4 டிபி ஏறிவிட்டது. ஆகவே போலாரிட்டியை முடிவுசெய்த பிறகுதான் லெவல். ஃபேடரை இறக்கினால் கம்ப்ரஸருக்கு (உரத்த இடங்களை அடக்கும் கருவி) போகிற அளவு குறையாது, ஃபேடர் இன்சர்ட்டுக்கு (கம்ப்ரஸர் போன்றவற்றைச் செருகும் இடம்) பின்னால் இருக்கிறது. முதல் இன்சர்ட்டாக ட்ரிம் (அளவை மட்டும் மாற்றும் கருவி) போட்டுக் குறைக்க வேண்டும். 40 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் (அதற்குக் கீழ் உள்ள ஒலியை வெட்டும் ஃபில்டர்) போட்டதும் பீக் 1 டிபி கூடியது. வெட்டினால் குறையத்தானே வேண்டும்? ஃபேஸ் நகர்வதால் முகடுகள் வேறு விதமாகச் சேருகின்றன, கோளாறு இல்லை.

மென்பொருளுக்குள் 32 பிட் ஃப்ளோட் என்பதால் டிராக்கில் சிவப்பு வந்தாலும் மாஸ்டரை இறக்கிக் காப்பாற்றலாம். 24 பிட் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்தால் அந்தச் சலுகை கிடையாது. லிமிட்டரின் உச்சவரம்பை ட்ரூ பீக் (சாம்பிள்களுக்கு நடுவே எழும் முகட்டையும் சேர்த்த அளவு) மைனஸ் 1இல் வைத்திருக்கிறேன், எம்பி3 ஆக்கும்போது பீக் கொஞ்சம் எகிறும் என்பதால்.

நாகஸ்வரம் அடுத்த வாரம். அணசு (அதன் அகன்ற வாய்) நேராக மைக்கைப் பார்க்காமல் பக்கவாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குள் தொப்பி டிராக்கில் குச்சி விளிம்பில் படும் அந்த ஒற்றை 3 டிபி கூர்முகடுகளைக் கையால் ஒவ்வொன்றாகக் குறைக்கிற வேலை பாக்கி. இதுவரை பதினான்கு முடிந்திருக்கிறது.