முற்றத்துக்கு என்ன போடலாம்? பங்குனியில் கேட்டது, ஆனியில் முடிந்தது

போன வருடச் சாரலில் எங்கள் வீட்டு முற்றத்தில் பாசி வழுக்கிச் சித்தி விழுந்தாள். முழங்கையோடு போனது. தாத்தா காலத்துச் சிமெண்ட் தளம் அங்கங்கே பெயர்ந்து கிடந்தது. இந்த முறை மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று பங்குனியில் ஆரம்பித்தேன். 14 அடிக்கு 11 அடி முற்றம், அதை ஒட்டித் திண்ணை, திண்ணைச் சுவரில் வெளிறிப்போன நீலம். இவ்வளவுதான் வேலை.

முதல் தப்பு, ஒரு மத்தியான நேரத்தில் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, "முற்றத்துக்கு என்ன போடலாம்?" என்று கேட்டது. எங்கள் ஊர் செங்கோட்டை, 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் திருவிதாங்கூர்-கொச்சி. எங்கள் சொந்தமும் அப்படியே மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பாதி, இந்தப் பக்கம் பாதி. புனலூர் அத்தை, "புல்லு வச்சு நடுவுல வெட்டுக்கல்லு போடு, ஐசுவரியமா இருக்கும்" என்றாள். ஷார்ஜாவில் இருக்கும் மச்சான் இன்டர்லாக் கல் (ஒன்றோடொன்று கோத்துப் பதிக்கிற சிமெண்ட் கல்) படங்களாக அனுப்பித் தள்ளினார். எதிர்வீட்டு அண்ணாச்சி பார்க்கிங் டைல்ஸ்தான் என்று ஒரே பிடி. எங்களிடம் காரே கிடையாது.

கடைசியில் மச்சான் கட்சி ஜெயித்தது. கடையில் மாதிரிக்கு 12 ஜிக்ஜாக் கல் வாங்கி வந்து திண்ணைப் படிக்கு முன்னால் பரப்பி வைத்தேன். நன்றாகவே இருந்தது.

மறுநாள் விடிகாலையில் அம்மா அதன்மேல் கோலம் போட்டிருந்தாள். ஐந்து புள்ளி, சின்னச் சிக்குக்கோலம். புள்ளிகளில் மூன்று கல்லுக்கு நடுவே இடுக்கில் இறங்கிக் காணாமல் போயிருந்தன. வளைவு வரும் இடத்தில் எல்லாம் கல்லின் ஜிக்ஜாக் விளிம்பு குறுக்கே ஓடி, எது கோலம், எது கல் என்றே தெரியவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாரியலை எடுத்துப் பெருக்கினாள். மாவு இடுக்கில் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தது. அப்புறம்தான் பேசினாள்: "கல்லு நல்லாத்தான் இருக்கு. கோலத்தை எங்க போடணும்னு அதையும் கேட்டுச் சொல்லு."

அத்தனை பேரைக் கேட்ட நான் தினமும் அந்த முற்றத்தில் குனிகிற ஆளைக் கேட்கவில்லை. அம்மாவிடம் பட்டன் போன்தான், குரூப்பில் இல்லை. இதெல்லாம் ஒரு சாக்கு.

திட்டம் மாறியது. படிக்கு நேரே 5 அடிக்கு 5 அடி கருங்கல் பலகை, மேலே லேசாகக் கொத்தியது, ஈரத்தில் கால் பிடிக்கும். மீதி இடத்துக்கு இன்டர்லாக். அந்த அளவுக்கு ஒரே பலகை கிடைக்கவில்லை. இரண்டரை அடி அகலத்தில் இரண்டாக வாங்கினேன். நடுவில் ஒரு கோடு தெரியுமே என்று தயங்கினேன். "இருக்கட்டும், புள்ளி வைக்க அது ஒரு கணக்கு" என்றாள் அம்மா.

பலகையை மட்டும் கொத்தனார் பதித்தார். இன்டர்லாக்கை நானும் அக்கா மகனும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டோம். ஆள் நடக்கிற இடத்துக்கு 60 மில்லிமீட்டர் கனம் போதும், வண்டி ஏறினால்தான் 80. அடியில் ஜல்லி போட்டுத் திமிசு அடித்து, அதன்மேல் 2 அங்குலம் கிரஷர் தூசி, அதாவது கல் உடைக்கும்போது விழுகிற பொடி. தெருப்பக்கம் வாட்டம், எட்டடிக்கு ஓர் அங்குலம். நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, கண்ணையும் நம்பி முதல் ஞாயிறு மூன்று வரிசை போட்டோம். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் அது திண்ணையைப் பார்த்து ஓடி வருகிறது. மூன்று வரிசையையும் பிரித்தோம். கண்ணை நம்பியதுதான் கோளாறு.

சுவர் நிறம் இதைவிடப் பெரிய கூத்து. மூன்று நிறத்தில் சின்ன டப்பா வாங்கிப் பழைய நீலத்தின்மேலேயே பக்கத்துப் பக்கத்தில் கட்டம் கட்டமாக அடித்துப் போட்டோ அனுப்பினேன். ஒருவருக்குச் சந்தனம், ஒருவருக்கு ரோஸ், மச்சானுக்குச் சாம்பல். நீலம் அடியிலிருந்து இழுத்தது பாதி, அவரவர் போன் திரை காட்டியது மீதி. அப்புறம் சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவைத்து, காலையிலும் சாயங்காலமும் சுவரில் ஒட்டி ஒட்டிப் பார்த்தேன். மேற்குப் பார்த்த சுவர். காலையில் அடக்கமாக இருந்த மஞ்சள் ஐந்து மணி வெயிலில் ஆரஞ்சு மிட்டாய் ஆகிவிட்டது. தெருவில் போன பால்காரர் வரை சைக்கிளை நிறுத்திக் கருத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

முடித்து வைத்தது கொத்தனார்தான். "எந்த நிறம் அடிச்சாலும் சாரல் தெறிச்சு கீழ ரெண்டடி செம்மண்ணாத்தான் இருக்கும் அண்ணாச்சி. அந்தச் செம்மண் நிறத்தை நீங்களே அடிச்சிருங்க." கீழே இரண்டடி காவி, மேலே பழுப்பு வெள்ளை. அழகு பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாரும் அந்தக் காவிப் பட்டையைத்தான் சொல்கிறார்கள்.

செடி விஷயத்தில் நானே கெட்டிக்காரன் என்று நினைத்து யாரையும் கேட்கவில்லை. குரோட்டனைத் திண்ணை நிழலிலும் அந்தூரியத்தை வெயிலிலும் வைத்தேன். ஒரு மாதத்தில் குரோட்டன் துளிர்கள் நிறமில்லாமல் வெறும் பச்சையாக வந்தன, அந்தூரியத்தின் இலை கருகியது. தொட்டிகளை இடம் மாற்றியதும் இரண்டும் தேறி வருகின்றன. அத்தை புனலூரிலிருந்து ரயிலில் நனைந்த சாக்கில் சுற்றிச் செத்திக் கன்று நான்கு கொண்டு வந்தாள். இங்கே அதற்கு இட்லிப்பூ என்று பெயர். மதில் ஓரமாக நட்டாயிற்று. புல் வைக்காத கோபம் அதோடு கொஞ்சம் ஆறிய மாதிரி தெரிகிறது.

ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டது. தண்ணீர் தெருப்பக்கம்தான் ஓடுகிறது, வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தேங்குகிறது. அந்த இடத்தில் ஏழெட்டுக் கல்லைத் தூக்கித் தூசி நிரப்ப வேண்டும். இன்டர்லாக் இடுக்கில் இப்போதே பச்சை தெரிகிறது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டும், இனி வருடா வருடம் அந்த வேலை உண்டு. கருங்கல்லில் சித்தி பயமில்லாமல் நடக்கிறாள்.

பாக்கி இருப்பது திண்ணை விளக்கு. தொங்கு விளக்கா, சுவர் விளக்கா? குரூப்பில் போடவில்லை. நேரே அடுக்களைக்குப் போய் அம்மாவைக் கேட்டேன்.

"ரெண்டுல எதுக்கு ஈசல் படியில விழாது?" என்று திருப்பிக் கேட்டாள்.