மணலில் நிற்கும் கோபுரமா?

"மணல்மேல் கட்டிய ஊர், ஒருநாள் சரியத்தான் போகிறது" என்று துபாயைப் பற்றி இன்றும் ஒருவர் சாபம் கொடுத்தார். அங்குள்ள உலகின் மிக உயரமான கட்டடம் புர்ஜ் கலீஃபாவே மணலில் நிற்கவில்லை ஐயா! ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள 192 கான்கிரீட் தூண்கள், மணலைத் தாண்டி ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம்வரை பாறைக்குள் இறங்கியிருக்கின்றன. கோடையில் கான்கிரீட் அவசரமாக இறுகி வெடிப்பு விடும் என்பதால், பனிக்கட்டி கலந்து இரவில்தான் ஊற்றினார்கள். 828 மீட்டர் சும்மா எழும்பவில்லை.

அடுத்த பாட்டு, "எல்லாம் எண்ணெய்ப் பணம்." எண்ணெய் கிடைத்ததே 1966-இல்தான். அதற்கு முன்பே கடன் வாங்கி, மண்மேடிட்ட கடற்கழியை ஆழப்படுத்திக் கப்பல்களை வரவழைத்த வணிக ஊர் இது.

வெயிலில் நின்று கட்டியவர்களுக்கு உரிய கூலி கிடைத்ததா என்று கேளுங்கள். அங்கே நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.