1970 பரிசளிப்பு விழாப் படம்: ஒரு திருத்தம்

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுத் தம்பி ஒருவர் பழைய பள்ளிக்கூடப் படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணை, இதிலை நிக்கிறது நீங்கள்தானே? கீழே என்ன போட?" என்று கேட்டிருந்தார். நான்தான். கஞ்சி போட்ட வெள்ளைக் களிசான், எண்ணெய் வைத்து வாரிய தலை. இவ்வளவு மயிரா என்று பேத்தி சிரிக்கிறாள். பிரதம விருந்தினரின் பாரியாரிடமிருந்து தடித்த மட்டைப் புத்தகம் ஒன்றைக் குனிந்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். கணிதத்துக்கான முதற்பரிசு.

தம்பி, அது என் பரிசில்லை.

இந்த மலர் எங்கள் கணித ஆசிரியரான சேரின் நினைவாகவும் வருகிறது என்று அறிந்தேன். அவருடைய பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. எழுதாவிட்டாலும் நீங்கள் எல்லோரும் மனதுக்குள் சொல்லிவிட்டீர்கள். அவரால் ஆளானவர்களில் நானும் ஒருவன். ஐந்து சதம் வாங்காமல் தன் வீட்டு விறாந்தையில் எனக்குப் பிரயோக கணிதம் சொல்லித் தந்தவர். அந்த விறாந்தை இல்லாவிட்டால் நான் பொறியியலுக்குப் போயிருக்க மாட்டேன், கனடாவில் ஸ்காபரோவில் வீடும் வாங்கியிருக்க மாட்டேன். ஆனாலும் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தப் படம்தான் வந்து நிற்கிறது.

பரிசுக்குரியவன் என் பக்கத்து மேசைக்காரன். மூன்று வயதில் போலியோ. வலது காலில் இரும்புச் சட்டம், கக்கத்தில் ஒரு கட்டை. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான், ஆகவே அவன் என்றே எழுதுகிறேன். கணக்கில் எங்கள் எல்லோரையும் விழுங்கி ஏப்பம் விடுவான். நாங்கள் கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிட்டு, யன்னலால் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இரசாயன ஆய்வுகூடம் மேல்மாடியில். இரண்டாம் மணி அடித்ததும் நானும் இன்னொருவனும் கைகளைப் பின்னிக் கதிரை போல வைத்து அவனைத் தூக்கிக்கொண்டு படி ஏறுவோம். சில நாள் ஓட்டப்போட்டியும் வைப்போம். அவனும் சிரிப்பான். எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் அவனை "நொண்டி" என்று சொன்னதில்லை என்று சங்கக் கூட்டங்களில் நானே பெருமையாகப் பேசியிருக்கிறேன். கைதட்டும் வாங்கியிருக்கிறேன். கைதட்டு வாங்குவதில் எனக்கு நல்ல அனுபவம்.

1970 விழாவுக்கு முதல் நாள் ஒத்திகை. மேடைக்கு நாலு படி, கைபிடி இல்லை. அவன் கட்டையை மேல் படியில் ஊன்றி, காலைத் தூக்கி வைத்து, சட்டம் டக்கென்று சத்தம் போட, ஒவ்வொரு படியாக ஏறினான். ஏறி முடித்துவிட்டான் என்பதைச் சொல்ல வேண்டும். விழவில்லை. கொஞ்ச நேரம் எடுத்தது, அவ்வளவுதான். சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்கு அவன்ரை பரிசை நீ வாங்கு. பிரதம விருந்தினருக்கு முன்னாலை பெடியன் விழுந்தால் அவனுக்குத்தானே வெக்கம்." குரலில் கடுமை துளியும் இல்லை. பாசமாகத்தான் சொன்னார். அவனிடம் போய்ச் சொல்லும் வேலையையும் என்னிடமே தந்தார்.

சொன்னேன். "பரவாயில்லை" என்றான்.

மறுநாள் அவனுடைய பெயரைக் கூப்பிட்டார்கள், நான் ஏறினேன். மண்டபம் நிறையப் பெற்றோர். அவனுடைய அம்மா எங்கே இருந்தார் என்று நான் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்கக் கவனமாக இருந்தேன். புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பக்கக் கதவடி வாங்கில் இருந்தவனிடம் கொடுத்தேன். அட்டையைத் திறந்து, சேரின் அழகான கையெழுத்தில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். "உனக்கு நல்ல கைதட்டு விழுந்தது" என்றான். குத்தலா, உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு கன்டீனில் வாய்ப்பன் வாங்கித் தந்தவனும் அவன்தான்.

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடிவு வந்தபோது, விஞ்ஞானப் பிரிவு முழுக்க மேல்மாடியில் என்பதால் கலைப் பிரிவுதான் அவனுக்கு "வசதி" என்று தீர்மானித்தார்கள். அவனைக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. வகுப்பைக் கீழே இறக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கணக்கில் புலிகளான எங்களுக்கும்தான். அப்புறம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் வேலை. ஓய்வு பெறும்வரை அதுதான்.

நான் 1979இல் வெளிக்கிட்டேன். யாழ்தேவியில் ஏற்றிவிட அவனும் ஸ்டேசனுக்கு வந்தான். பெட்டிக்குள் ஏறிச் சாமான் வைக்கப் பெடியள் இடிபட்டார்கள். அவன் பிளாட்போம் வாங்கில் இருந்து கையைக் காட்டினான். போய்க் கடிதம் போடுகிறேன் என்றேன். மூன்று போட்டேன். பிறகு போர், இடப்பெயர்வு, என் சோம்பல் எல்லாம் சேர்ந்து முப்பது வருசத்துக்கு மேல் போய்விட்டது.

எனக்கு முழங்கால் ஒப்பரேசன் செய்த பிறகுதான் அவனைத் தேடிப் பிடித்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். ஆறு வாரம் வோக்கரோடு திரிந்தேன். இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் 2005இல் ஒரு சட்டம் போட்டு, 2025க்குள் எல்லா இடமும் எல்லோருக்கும் போகக்கூடியதாக இருக்கும் என்றார்கள். வருசம் வந்தும் போய்விட்டது. நடைபாதைச் சரிவின் வாயிலேயே பனியைக் குவித்துவிட்டுப் போகும் வண்டியை நான் அந்த ஆறு வாரமும் திட்டினேன். ஆறே வாரம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வைபரில் கதைக்கிறோம். ஒருநாள் படி ஏற்றிய கதையை நான் எடுத்தேன், நன்றி சொல்வான் என்ற எதிர்பார்ப்பில்தான். அவன் வேறொன்று சொன்னான். "ஆய்வுகூடம் இருக்கிற நாளிலை நான் விடியவிலிருந்து தண்ணி குடிக்கிறேல்லை, தெரியுமோ? கக்கூஸ் மைதானத்துக்கு அங்காலை. மேலையிருந்து இறக்கி, கொண்டுபோய், திருப்பி ஏத்தச் சொல்லி உங்களை எத்தினை தரம் கேக்கிறது?" அத்தனை வருசம் பக்கத்தில் இருந்தவன் நான். அவன் தண்ணீர் குடிக்காததை ஒருநாளும் கண்டதில்லை.

சேரைப் பற்றிக் கேட்டேன். "அந்தாள் பாவம்" என்றான். கலைப் பிரிவுக்குப் போன பிறகும் சேர் சனிக்கிழமைகளில் சைக்கிளில் இவன் வீட்டுக்குப் போய்த் தூய கணிதம் சொல்லிக் கொடுத்தாராம், சோதனைக்கு இல்லை, சும்மா ஆசைக்கு. எனக்கு இது தெரியாது. ஒரே மனிதர்தான் இரண்டையும் செய்திருக்கிறார். நான் அவருக்கு எத்தனையோ தரம் தொலைபேசி எடுத்திருக்கிறேன். பனி எவ்வளவு என்று கேட்பார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பார். அந்த விழாவைப் பற்றி நான் கேட்கவே இல்லை. இனி யாரைக் கேட்பது?

அவன் கோபக்காரன் இல்லை, ஆனால் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வைத்திருக்கிறான். இயலாமையைக் காரணம் காட்டிப் பள்ளியிலோ வேலையிலோ ஒருவரைத் தள்ளக்கூடாது என்ற 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுக் கட்டடங்களில் போய்வர வசதி வேண்டும் என்ற 2006 ஒழுங்குவிதிகள், 2016இல் இலங்கை ஏற்புறுதி செய்த, இயலாமையுள்ளோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயம், எல்லாம் போட்டோப் பிரதியாக. "பத்து வருசத்துக்கு ஒருக்காக் கடதாசி வருது. அடுத்த தரமாவது சீமெந்து வருமோ பாப்பம்" என்பான். போருக்குப் பிறகு "என்ரை கட்சி நல்லாப் பெருத்திட்டுது" என்றும் சொல்வான். சக்கர நாற்காலியில் வரும் தகப்பன்மார் பெற்றோர் கூட்டத்துக்கு மேலே ஏற முடியாமல் கீழே நின்று பிள்ளையின் புள்ளியை விசாரித்துவிட்டுப் போகிறார்களாம்.

இதையெல்லாம் ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், நம் சங்கம் பள்ளிக்கூடத்துக்காகக் காசு சேர்க்கும் மூன்று மாடிக் கட்டடத்தின் வரைபடத்தை அவனுக்கு அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் அழைத்தான். முன்வாசலில் ஆறு படி, ஒன்று ஆறு அங்குலம், ஆக மூன்று அடி உயரம். ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் சாய்தளக் கணக்கு, ஆகவே முப்பத்தாறு அடி. நடுவில் ஓர் இளைப்பாறும் தட்டு வைத்துத் திருப்பினால் கிழக்குப் பக்கத்தில் அழகாக அடங்கும். கீழ்த்தளத்தில் ஒரு கழிப்பறைக் கதவை அகலமாக்கி, ஆய்வுகூடத்தையும் கீழே கொண்டுவரலாம், தண்ணீர்க் குழாய்ச் செலவும் குறையும் என்றான். எல்லாம் மனக்கணக்கு. பொறியியலாளன் நான், அந்த வரைபடத்தை இரண்டு தரம் பார்த்து "நல்லது" என்று எழுதி அனுப்பியிருந்தேன்.

கிழக்குப் பக்கத்தில் கொடையாளர் பெயர்க் கல்வெட்டு வருகிறதே என்றேன். என்னுடைய பெயரும் அதில் இருக்கிறது.

"அதைச் சுவரிலை ஏத்து. அதுக்குக் கால் தேவையில்லை" என்றான்.

செயற்குழுவுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். தம்பி, படத்தின் கீழே இப்படிப் போடுங்கள்: பரிசளிப்பு விழா, 1970. கணிதத்துக்கான முதற்பரிசை வகுப்புத் தோழனுக்காக வாங்குபவர் கட்டுரையாளர். பரிசுக்குரியவர் படத்துக்கு வெளியே, பக்கக் கதவடி வாங்கில்.