லோடர் பக்கெட்டுக்கு ஒரு மட்டங்காட்டி

எங்கள் டிராக்டரின் முன்னால் பூட்டியிருக்கும், பக்கெட்டால் அள்ளித் தூக்கும் லோடரில், இருக்கையிலிருந்து பார்த்தால் பக்கெட்டின் அடித்தகடு தெரியாது. பானெட்டும் பக்கெட்டின் முதுகும் அதை மறைத்துவிடும். மாட்டுத்தொழுவத்தின் சிமெண்டுத் தளத்தில் சாணம் வழிக்கும்போது முனை சற்றுத் தாழ்ந்தால் தளம் பெயர்கிறது, சற்று நிமிர்ந்தால் பாதிச் சாணம் தரையிலேயே தங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் இறங்கிப் பார்த்துச் சலித்த பிறகுதான், அடித்தகடு தரைக்கு மட்டமாக இருக்கிறதா என்று இருக்கையிலிருந்தே காட்டும் ஒரு மட்டங்காட்டியைச் செய்ய இறங்கினேன்.

கையிருப்பில் ஆர்டுயினோ நானோ என்ற சிறு கணினிப் பலகையும் சாய்வை அளக்கும் எம்.பி.யு. 6050 உணரியும் இருந்ததால் முதலில் அவற்றையே பொருத்திப் பார்த்தேன். எஞ்சின் அணைந்திருக்கும்போது ஒழுங்காகக் காட்டிய உணரி, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் தடுமாறியது. மூன்று சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு எஞ்சின், நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 37 முறைக்கு மேல் வெடிக்கிறது, அந்த அதிர்வு முழுவதும் உணரியில் பதிகிறது. சராசரி எடுத்து அதிர்வை அடக்கினால் எண் பின்தங்கி வந்தது. நிரலில் இதைச் சரிசெய்திருக்கலாம். நான் கைவிட்டதற்குக் காரணம் வேறு. உணரி காட்டுவது ரசமட்டம் காட்டும் மட்டத்தை, எனக்கு வேண்டியதோ டிராக்டர் நிற்கும் தரையின் மட்டத்தை. கழிவுநீர் வடிவதற்காக எங்கள் தொழுவத் தளம் 50 அடிக்கு ஓரடி சரிவில் போடப்பட்டது. அந்தச் சரிவை நோக்கி நின்று பக்கெட்டை ரசமட்டத்துக்கு நிறுத்தினால், 60 செ.மீ. நீள அடித்தகட்டில் 12 மி.மீ. பிசகும்.

ஆகவே கம்பிக்கும் குழாய்க்கும் வந்தேன். பக்கெட்டைக் கவிழ்க்க எண்ணெய் அழுத்தத்தில் நீளும் ஹைட்ராலிக் சிலிண்டரின் முன்பக்கப் பின்னில் (இணைப்பு ஆணியில்) 10 மி.மீ. கம்பியின் ஒரு முனையைக் கோத்து, மறுமுனையைச் சிலிண்டர் உடலோடு இணையாகக் கட்டிய அரை அங்குல ஜி.ஐ. குழாய்க்குள் விட்டேன். பட்டறைக்காரர் குழாயைச் சிலிண்டரிலேயே வெல்டிங் வைத்துவிடலாம் என்றார். சூட்டில் உட்சுவர் கோணலாம், சீல் கருகலாம் என்பதால் நான் கிளாம்ப் போட்டே கட்டினேன்.

பக்கெட் மட்டமாக இருக்கும்போது கம்பியின் நுனி குழாயின் மேல்வாயோடு சமமாக நிற்கட்டும் என்று அளவாக வெட்டியதுதான் நான் செய்த பெரிய தவறு. பக்கெட்டை முழுவதும் கவிழ்த்ததும் கம்பி குழாயைவிட்டு உருவிக்கொண்டு வெளியே வந்து, நிமிர்த்தும்போது குழாயின் அடிவாயில் முட்டி வில்லாக வளைந்தது. மட்டநிலையிலிருந்து முழுக்கவிழ்ப்பு வரை சிலிண்டர் 30 செ.மீ. நீள்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் அளந்தேன். இரண்டாவது கம்பி மட்டநிலையில் குழாய்க்கு மேலே 40 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும், நுனிக்குப் பதிலாக அதில் மஞ்சள் வண்ணத்தில் ஒரு கோடு.

கோட்டை எங்கே போடுவது என்பதற்குப் பக்கெட்டைச் சிமெண்டுத் தளத்தில் இறக்கி, முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் ஒவ்வோர் அஞ்சலட்டையை வைத்து, இரண்டும் ஒரே அளவு இறுகும்வரை சிலிண்டரை நகர்த்தினேன். எங்கள் பக்கெட்டில் லோடரின் கை சேரும் பின்னுக்கும் சிலிண்டர் சேரும் பின்னுக்கும் இடையே 25 செ.மீ.; ஆகவே ஒரு டிகிரிக்குக் கம்பி ஏறத்தாழ 4 மி.மீ. நகர்கிறது, முனையோ 1 செ.மீ. ஏறியிறங்குகிறது. கோட்டைத் தடிமனாகப் போட்டால் இந்த நுட்பம் போய்விடும், மெல்லியதாகப் போட்டால் இருக்கையிலிருந்து தெரியாது. 5 மி.மீ. அகலத்தில் போட்டு, அதன் கீழ்விளிம்பையே கணக்கில் வைத்துக்கொண்டேன்.

லோடரின் கையை உயர்த்தினால் இந்தக் கோடு பொய் சொல்லும். கம்பி அளப்பது பக்கெட்டுக்கும் கைக்கும் இடையிலுள்ள கோணத்தை மட்டுமே; கை எத்தனை டிகிரி உயர்கிறதோ அத்தனை டிகிரி பக்கெட்டும் பின்னால் சாய்கிறது. அதனால் டிரெய்லரின் பக்கப்பலகை உயரத்துக்கென்று, மஞ்சளுக்கு மேலே சிவப்பில் இன்னொரு கோடு சேர்த்தேன். இரண்டு கோடுகளும் குழாய் வாயில் உரசித் தேய்ந்து வருகின்றன, நிறத்தை மீண்டும் பூச வேண்டியிருக்கிறது.

சென்ற வாரம் பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மஞ்சள் கோட்டில் நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். காலையில் வந்து பார்த்தபோது அந்தக் கோடு குழாய்க்குள் 15 மி.மீ. இறங்கியிருந்தது. கவிழ்க்கும் சிலிண்டரிலோ வால்விலோ எண்ணெய் கசிகிறது. முதலில் சிலிண்டரின் சீலைக் கழற்றிப் பார்க்கப்போகிறேன்.